ஆறு தந்தியும் ஒரு கணினியும்



வீட்டில் உட்கார்ந்து இசையைப் பதிவு செய்கிறவர், மிடி கிட்டார் ஏற்பாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

உங்களில் பலருடைய நிலைமை எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு கிட்டார் இருக்கிறது. ஒரு கணினி இருக்கிறது. மனத்துக்குள் ஒரு பாட்டு முழு வாத்தியக் குழுவோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு வயலின்கள் வேண்டும், புல்லாங்குழல் வேண்டும், அடியில் அழுத்தமாக ஒரு பேஸ் வேண்டும். கீபோர்டில் கை பழகவில்லை. ஆனால் கிட்டாரில் கை ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. அந்தக் கையை வைத்துக்கொண்டே வயலினையும் குழலையும் பேச வைக்க முடியுமா? முடியும். எதை வாங்கினால் முடியும்? எதை வாங்காமலே முடியும்? காசு எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது? இவற்றுக்கெல்லாம் நேரான பதில் உண்டு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மேடைக்கு ஏற்ற ஏற்பாடு வேறு, வீட்டுப் பதிவுக்கு ஏற்ற ஏற்பாடு வேறு. மேடையில் நேரம் திரும்பி வராது. பதிவில் நேரத்தை இழுக்கலாம், தள்ளலாம், திரும்ப ஓட்டலாம். இந்த ஒரு வசதி கையில் இருப்பதால், கடையில் முதலில் காட்டப்படும் விலையுயர்ந்த கருவி உங்களுக்கு முதல் தேவையாக இருக்க வேண்டியதில்லை. இதை வெறுமனே சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. காரணத்தோடு காட்ட விரும்புகிறேன்.

முதலில் மிடி. மிடி என்பது ஒலி இல்லை. இந்தச் சுரம் இந்த நேரத்தில் இவ்வளவு அழுத்தத்தோடு தொடங்கியது, இந்த நேரத்தில் நின்றது என்று எண்களில் எழுதிய குறிப்பு. ஒலியை உண்டாக்குவது கணினிக்குள் இருக்கும் வாத்தியத்தின் வேலை. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு கீபோர்டுகளை ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்று டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் செய்த பிராஃபெட்-600. மற்றது ஜப்பானின் ரோலண்ட் செய்த ஜூபிடர்-6. ஒன்றில் விரல் வைத்தால் மற்றொன்று ஒலித்தது. சந்தையில் போட்டியாளர்களாக நின்ற இரண்டு நிறுவனங்கள் ஒரே மொழிக்கு ஒப்புக்கொண்டன. அந்த உழைப்புக்காக டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டை நிறுவிய இகுதாரோ ககேஹாஷிக்கும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்த மொழி மாறாமல் வேலை செய்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

வீட்டில் பதிவு செய்கிறவருக்கு மிடி எவ்வளவு பெரிய துணை, தெரியுமா? மைக் தேவையில்லை. மேலே சுற்றும் மின்விசிறி பதிவாகாது. அடுக்களையில் குக்கர் விசிலடித்தாலும் கெடுதலில்லை. தெருவில் காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் தக்காளி விலை சொல்லிக்கொண்டு போனாலும் உங்கள் வயலின் சுத்தமாகவே இருக்கும். ஒரு சுரம் தப்பிவிட்டால் அந்த ஒரு சுரத்தை மட்டும் மாற்றலாம். இன்று குழலாக இருந்ததை நாளைக்கு சாக்ஸபோனாக மாற்றிக் கேட்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அன்று இணைத்துக் காட்டிய இரண்டும் கீபோர்டுகள். மிடி பிறந்ததே கீபோர்டுக்காகத்தான். கிட்டார் அந்த வீட்டுக்குப் பிறகு வந்த விருந்தாளி. நம் சிரமங்கள் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இது புரிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்துவிடும்.

கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கட்டை இறங்கிய நொடியிலேயே அது எந்தச் சுரம் என்று கருவிக்குத் தெரிந்துவிடும். கிட்டாரில் சுவிட்ச் எங்கே? தந்தி அதிர்கிறது, அவ்வளவுதான். கதவுக்கு வெளியே பேசுகிறவரைக் குரலை வைத்து யார் என்று கண்டுபிடிப்பது போல, அந்த அதிர்வைக் கேட்டுத்தான் சுரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கேட்பதற்கு நேரம் பிடிக்கும். எவ்வளவு நேரம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தடித்த ஆறாம் தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் வினாடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது. அப்படியானால் ஒரு அதிர்வு முடிய 12 மில்லி வினாடி. பிக் உரசும் முதல் கணத்தில் வெறும் சத்தம்தான் இருக்கிறது, சுரம் இல்லை. அந்தச் சத்தம் அடங்கி, இரண்டு அதிர்வாவது முழுசாக வந்தால்தான் இது இன்ன சுரம் என்று நம்பிச் சொல்ல முடியும். அதற்குள் 24 மில்லி வினாடி போய்விடுகிறது. மெல்லிய முதல் தந்தியோ வினாடிக்கு 330 முறை அதிர்கிறது. அங்கே இரண்டு அதிர்வுக்கு 6 மில்லி வினாடி போதும். ஒரே கிட்டார், ஒரே கை, ஒரே மீட்டு. ஆனால் மேல் தந்தி உடனே பேசுகிறது, கீழ் தந்தி தயங்கிப் பேசுகிறது.

இதன்மேல் கணினியின் தாமதமும் சேருகிறது. ஆடியோ இன்டர்ஃபேஸில் பஃபரை 128 என்று வைத்தால் உள்ளே வர ஏறக்குறைய 3 மில்லி வினாடி, வெளியே போக இன்னொரு 3. எல்லாம் கூட்டினால் ஆறாம் தந்திக்கு 30 மில்லி வினாடி ஆகிறது. ஒலி ஒரு மில்லி வினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆக, 10 மீட்டர் தள்ளி வைத்த ஆம்ப்ளிஃபையரைக் கேட்டுக்கொண்டு வாசிப்பது போன்ற நிலை. மெதுவான பாட்டில் சமாளிக்கலாம். வேகமான தாளத்தில் விரல் தடுமாறும்.

இந்தத் தாமதத்தோடு மேதைகள் பலர் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1980-இல் ரோலண்ட் ஜிஆர்-300 என்ற கிட்டார் சிந்தசைசரைக் கொண்டுவந்தது. மிடி பிறப்பதற்கு மூன்று வருடம் முன்னால். அதில் எண்ணாக மாற்றும் வேலையே கிடையாது. தந்தியின் அதிர்வே நேராக உள்ளே இருக்கும் மின்சுற்றை ஓட்டும். அதனால்தான் அது அவ்வளவு சுறுசுறுப்பாக விரலோடு ஓடியது. பாட் மெத்தேனி 1982-இல் வெளிவந்த ‘ஆஃப்ராம்ப்’ தொகுப்பில் அதை வாசித்திருக்கிறார், கேட்டுப் பாருங்கள். எக்காளம் போல ஏறிப் போகிற அந்த ஒலியைக் கிட்டார் என்று முதல்முறை கேட்கிறவர் நம்பவே மாட்டார். இங்கிலாந்தில் சிலர் வேறு வழியில் போனார்கள். சின்த்ஆக்ஸ் என்ற கருவியில் இடதுகை எந்தப் பிரெட்டில் இருக்கிறது என்பதை மின்சாரத்தாலேயே அறிந்துகொள்ளும்படி செய்தார்கள். அதிர்வைக் கேட்டுக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் 1986-இல் ‘அட்டவக்ரான்’ தொகுப்பில் அதை வாசித்தார். ஆனால் அது நம் வீட்டுக்கு வருகிற விலையில் ஒருநாளும் இருந்ததில்லை.

சரி, இன்று நம் முன்னால் என்ன இருக்கிறது?

ஒன்று, ஆறு தந்திக்கும் தனித்தனிக் காது வைத்த பிக்கப். ரோலண்டின் ஜிகே-3 அந்த வகை. 13 முனை கொண்ட தடித்த கேபிள் வழியாக ஒவ்வொரு தந்தியின் ஒலியும் தனித்தனியாக ஒரு பெட்டிக்குப் போகும், அந்தப் பெட்டி அதை மிடியாக மாற்றும். ஃபிஷ்மன் நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த டிரிப்பிள்பிளேயும் அதே குடும்பம். கிட்டாரிலேயே மாற்றிவிட்டு, கம்பியில்லாமல் கணினியின் யுஎஸ்பிக்கு அனுப்புகிறது. இன்னொன்று, பிக்கப் எதையும் மாட்டாமல், உங்கள் சாதாரண கிட்டாரைச் சாதாரண கேபிளால் இன்டர்ஃபேஸில் செருகி, மென்பொருளையே கேட்கச் சொல்வது. டென்மார்க்கின் ஜாம் ஆரிஜின் செய்த ‘மிடி கிட்டார்’ இந்த வேலையைச் செய்கிறது. கார்ட் வாசித்தாலும் ஆறு சுரத்தையும் பிரித்துக் கேட்க முயல்கிறது, பெரும்பாலும் வெற்றியும் பெறுகிறது. மூன்றாவதாக, வாசிக்கும்போது எதையும் மாற்றாமல், கிட்டாரை ஒலியாகவே பதிவு செய்துவிட்டு, பிறகு ஆற அமர மிடியாக மாற்றுவது. 2009-இல் செலமனி நிறுவனம் மெலடைன் மென்பொருளில் கார்டுக்குள் இருக்கும் சுரங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் வித்தையைக் கொண்டுவந்தது. 2013-இல் ஏபில்டன் லைவின் ஒன்பதாம் பதிப்பில் ஒலியை மிடியாக மாற்றும் வசதி சேர்ந்தது. 2022-இல் ஸ்பாட்டிஃபை ‘பேசிக் பிட்ச்’ என்ற கருவியை இலவசமாகவே கொடுத்துவிட்டது.

இந்த மூன்றில் எது? இப்போது நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். கருவியை மறந்துவிடுங்கள், விலைப்பட்டியலை மறந்துவிடுங்கள். எதை வாசிக்கப் போகிறீர்கள்?

பேஸ் வாசிக்கப் போகிறீர்களா? பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி வினாடிக்கு 41 முறை மட்டுமே அதிர்கிறது. அதை நேராக மிடியாக மாற்றப் போனால் இரண்டு அதிர்வுக்கே 49 மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். பேஸ் பின்தங்கினால் பாட்டே தள்ளாடும். அதனால் அங்கே போகாதீர்கள். உங்கள் ஆறு தந்தி கிட்டாரில், நான்காம் தந்தியின் இரண்டாம் பிரெட்டில் வாசியுங்கள். அதுவும் ‘ஈ’ சுரம்தான், ஆனால் வினாடிக்கு 165 அதிர்வு. பதிவு மென்பொருளில் அந்த மிடியை 24 அரைச்சுரம் கீழே இறக்கச் சொல்லுங்கள். இரண்டு அதிர்வு 12 மில்லி வினாடியில் முடிந்துவிடுகிறது. காதில் விழுவது முழுப் பேஸ். விரலுக்குக் கிடைப்பது சுறுசுறுப்பான பதில். இதற்கு எந்தப் பிக்கப்பும் வாங்க வேண்டாம். பேஸில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் என்பதால் மென்பொருளுக்கும் குழப்பமே இல்லை. இந்த ஒரு வழியை மட்டும் இன்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாலும் நான் மகிழ்வேன்.

டிரம்ஸ் வாசிக்கப் போகிறீர்களா? கிட்டார் வேண்டாம். ரப்பர் தட்டுகள் வைத்த சின்னக் கீபோர்டு ஒன்று போதும்.

பியானோ வாசிக்கப் போகிறீர்களா? இங்கே கொஞ்சம் எச்சரிக்கை தேவை. கிட்டாரில் விரல் வைக்காத தந்திகளோடு ஈ மேஜர் கார்ட் வாசித்தால் ‘ஈ’ மூன்று முறை, ‘பி’ இரண்டு முறை, ‘ஜி ஷார்ப்’ ஒரு முறை வரும். அதை அப்படியே பியானோவுக்குக் கொடுத்தால், பியானோ கிட்டார் போலவே பேசும். மென்பொருள் சரியாகத்தான் கேட்டிருக்கிறது, ஆனால் எந்தப் பியானோக்காரரும் அப்படி வாசிக்க மாட்டார். மூன்று சுரத்தை மட்டும் மேல் தந்திகளில் விரலால் பறித்து வாசியுங்கள். இடதுகைப் பகுதியைத் தனியாக இன்னொரு டிராக்கில் பதிவு செய்யுங்கள். வயலின் கூட்டத்துக்கும் அதே முறைதான். முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ என்று ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். கார்டாக அமுக்கிப் பிடித்தால் அது ஆர்கன் போல இருக்கும். தனித்தனியாக வாசித்தால் நான்கு பேர் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கும். கவனியுங்கள், வீட்டில் பதிவு செய்கிறவர் ஒவ்வொரு குரலாக வாசித்தால் அவருக்குக் கார்டைப் பிரிக்கும் கருவியே பெரிதாகத் தேவைப்படுவதில்லை. மேடையில் ஒரே ஆள் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வாசித்தாக வேண்டும். வீட்டில் அந்தக் கட்டாயம் யாருக்கு இருக்கிறது?

இப்போது என் மனத்துக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். கமகம் வாசிக்கப் போகிறீர்களா?

இங்கேதான் அன்பர்களே, கிட்டார் கீபோர்டைத் தாண்டிப் போகிறது! கீபோர்டின் கட்டைக்கு அசையத் தெரியாது. பக்கத்தில் ஒரு சக்கரம் வைத்து இடதுகையால் உருட்டித்தான் அதை அசைய வைக்க வேண்டும். கிட்டாரில் தந்தியே வளைகிறது. தோடியின் காந்தாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்காத சுரம், அசைவிலேயே வாழ்கிற சுரம். அந்த அசைவை விரல் தந்தியில் தருகிறது. மிடி அதை எடுத்துப் போகுமா? எடுத்துப் போகும். மிடியில் சுரத்தை வளைக்கும் செய்திக்கு 16,384 படிகள் இருக்கின்றன. மேலே இரண்டு எண்மம் (ஆக்டேவ்), கீழே இரண்டு எண்மம் என்று அந்தப் படிகளைப் பரப்பினாலும் ஒரு அரைச்சுரத்துக்கு 341 படி கிடைக்கிறது. எந்தக் கமகத்துக்கும் அது தாராளம்.

பிறகு ஏன் பலருடைய பதிவில் கமகம் உடைந்து கேட்கிறது? அமைப்பில் இரண்டு இடங்கள் சரியில்லாமல் இருப்பதால். ஒன்று, மிடியாக மாற்றும் மென்பொருளில் அரைச்சுரம் அரைச்சுரமாக மட்டும் அனுப்பு என்று ஒரு தேர்வு இருக்கும். அது போட்டிருந்தால் தோடியின் காந்தாரம் மூன்று தனிச்சுரமாக வெட்டுப்பட்டு வரும். பியானோவுக்கு அது நல்லது, குழலுக்கு அது நஞ்சு. எடுத்துவிடுங்கள். இன்னொன்று, வளைவின் எல்லை. அனுப்புகிற பக்கமும் வாங்குகிற பக்கமும் அந்த எல்லையை ஒரே எண்ணாக வைத்திருக்க வேண்டும். கிட்டார் பக்கம் 24 அரைச்சுரம் என்று இருக்கிறது, குழல் வாத்தியம் வழக்கம் போல 2 என்று இருக்கிறது. நீங்கள் தந்தியை ஒரு முழுச்சுரம் வளைக்கிறீர்கள். குழலில் என்ன வரும்? அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்குதான் வரும். இதையே தலைகீழாக வைத்தால்? ஒரு முழுச்சுரம் வளைத்ததற்குக் குழல் இரண்டு எண்மம் மேலே பாய்ந்துவிடும். கருவி சரியில்லை என்று நினைத்து விற்கப் போகிறவர்கள் முதலில் இந்த இரண்டு எண்ணையும் ஒருமுறை பாருங்கள்.

இன்னும் ஒன்று. ஆறு தந்தியும் ஒரே மிடி சேனலில் போனால், ஒரு தந்தியை வளைக்கும்போது கூட ஒலிக்கும் மற்றச் சுரங்களும் சேர்ந்து வளையும். அதனால்தான் கிட்டாருக்கு ஒரு தந்திக்கு ஒரு சேனல் என்ற முறையைத் தொடக்கத்திலேயே வைத்தார்கள். மிடியில் இருப்பது 16 சேனல், நமக்கு வேண்டியது 6. இதே யோசனையை எல்லாக் கருவிகளுக்கும் விரித்து 2018-இல் எம்பிஇ என்ற பெயரில் முறைப்படுத்தினார்கள். கணினி வாத்தியம் வாங்கும்போது எம்பிஇ ஏற்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு கேள்வி உங்களைப் பல மணிநேரத் தலைவலியிலிருந்து காப்பாற்றும்.

கமகம் வந்துவிட்டது, மூச்சு எங்கே? குழல்காரர் சுரத்தைத் தொடங்கிய பிறகும் ஊதலைக் கூட்டுகிறார், குறைக்கிறார். வயலின்காரர் வில்லை அழுத்துகிறார், தளர்த்துகிறார். கிட்டாரிலோ மீட்டிய கணத்தோடு கையின் வேலை முடிந்துவிடுகிறது. அதன்பின் ஒலி குறைந்துகொண்டுதான் போகும். கூட்டவே முடியாது. ஆகவே காலடியில் ஒரு எக்ஸ்பிரஷன் பெடல் வையுங்கள். அதை மிடியின் 11-ஆம் எண் கட்டுப்பாட்டோடு இணையுங்கள். சுரம் விரலில் பிறக்கும், மூச்சு பாதத்தில் பிறக்கும். ஹோல்ட்ஸ்வொர்த் சின்த்ஆக்ஸோடு வாயில் ஒரு குழாயையே வைத்து ஊதி ஒலியைக் கூட்டிக் குறைத்தார். அவ்வளவு பெரிய கலைஞருக்கும் விரல் மட்டும் போதவில்லை. கூட ஆள் இல்லாத வீட்டில் இன்னும் எளிய வழி உண்டு. முதலில் சுரங்களை வாசித்துப் பதிவு செய்துவிடுங்கள். பிறகு அதை ஓடவிட்டுக்கொண்டே பெடலை மட்டும் தனியாக அசைத்துப் பதிவு செய்யுங்கள். ஆறு தந்திப் பிக்கப்புக்கு முன்னால் இந்தப் பெடலை வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் குழலைக் கேட்கிறவர் கண்ணை மூடிக்கொள்வதும் முகம் சுளிப்பதும் இந்தப் பெடலால் ஆகிற வேறுபாடுதான்.

இவ்வளவும் சாதாரண கிட்டாரிலேயே நடக்கும். ஆனால் அந்தச் சாதாரண கிட்டார் ஆரோக்கியமாக இருக்க வேண்டும்.

மென்பொருள் உங்கள் கிட்டாரின் குறைகளையெல்லாம் கேட்கும். பிரெட்டில் தந்தி உரசி ரீங்கரித்தால் அதையும் ஒரு சுரம் என்று நினைக்கும். இடதுகை விரலை எடுக்கும்போது தந்தி தானாக ஒலித்தால் அதையும் எழுதிவைக்கும். தந்தி பழசானால் அதன் மேல்சுரங்கள் கலைந்து, எழுதுகிற சுரம் ஒரு எண்மம் மேலே போய் விழும். கடலோர ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உப்புக் காற்றிலும் வியர்வையிலும் தந்தி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது! பதிவுக்கு முன்னால் புதுத் தந்தி போடுங்கள். பன்னிரண்டாம் பிரெட்டில் சுருதி சரியாக நிற்கிறதா என்று தெரிந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் மின்சாரத்தின் இரைச்சல். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவது. ஒற்றைச் சுருள் பிக்கப் அந்த உறுமலை வாங்கிக்கொண்டு மென்பொருளின் காதில் ஓதும். இரட்டைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டார் இந்த வேலைக்கு நல்லது. மடிக்கணினியின் சார்ஜரை விட்டுத் தள்ளி உட்காருங்கள்.

அடுத்து, வீட்டுப் பதிவின் உண்மையான பலம். மிடியை மட்டும் பதிவு செய்யாதீர்கள். பக்கத்திலேயே இன்னொரு டிராக்கில் கிட்டாரின் சுத்தமான ஒலியையும் பதிவு செய்துகொண்டே வாருங்கள். ஏன்? ஒரு சுரம் தவறாக எழுதப்பட்டிருந்தால், நீங்கள் உண்மையில் என்ன வாசித்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. அதைவிட முக்கியம், மாற்றுகிற மென்பொருள் அந்த டிராக்கில் ஒரு பிளக்இன்னாக உட்கார்ந்திருந்தால், பதிவான ஒலியையே மறுபடி ஓடவிட்டு, அமைப்பை மாற்றி, மறுபடி மிடி எடுக்கலாம். நாளைக்கு இதைவிடக் கெட்டிக்கார மென்பொருள் வந்தால் அதற்கும் இதே ஒலியைக் கொடுக்கலாம். மிடி பின்தங்கி வந்திருந்தால் முழு டிராக்கையும் பின்தங்கிய அளவுக்கு முன்னால் நகர்த்திவிடுங்கள். இவ்வளவு நேரம் நாம் கணக்குப் போட்ட அந்தத் தாமதம் எங்கே போயிற்று? பதிவில் அது பெரும்பாலும் காணாமலே போய்விட்டது! வாசிக்கும் நேரத்தில் தாமதம் விரலை உறுத்தினால், மிடி வாத்தியத்தின் ஒலியை அணைத்துவிட்டு, கிட்டாரின் சொந்த ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டு வாசியுங்கள். வயலின் பிறகு வந்து சேரும்.

அப்படியானால் ஆறு தந்திப் பிக்கப் யாருக்கும் வேண்டாமா? வேண்டும். சிலருக்குக் கட்டாயம் வேண்டும். வாசிக்கிற நேரத்திலேயே குழலாகக் கேட்டால்தான் குழல் போல வாசிக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். ஒலிதான் விரலுக்கு வழிகாட்டுகிறது. கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் அப்படிப்பட்டவர். 2008-இல் வெளிவந்த அவருடைய ‘ஃப்ளோட்டிங் பாயின்ட்’ தொகுப்பு நம் சென்னையில் பதிவானது. நம் நாட்டுக் கலைஞர்களோடு உட்கார்ந்து, கிட்டார் சிந்தசைசரில் அவர் வாசித்ததைக் கேளுங்கள். எதிரே இருக்கிறவர் வாசித்ததற்கு அந்தக் கணமே, அந்த ஒலியிலேயே பதில் சொல்ல வேண்டிய இடம் அது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது அங்கே செல்லாது. அடர்த்தியான கார்டுகளை விரலால் பறித்து வாசிப்பவருக்கும், ஒவ்வொரு தந்திக்கும் ஒவ்வொரு வாத்தியம் கொடுக்க நினைப்பவருக்கும், மாலையில் மேடை, இரவில் பதிவு என்று இரண்டும் செய்கிறவருக்கும் தனித்தனிக் காது வைத்த பிக்கப் நிச்சயமாகப் பயன் தரும்.

அவர்கள் வாங்கும்போது சிலவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜிகே-3, டிரிப்பிள்பிளே போன்றவை காந்தத்தால் கேட்பவை. எஃகுத் தந்திக்குத்தான் வேலை செய்யும், நைலான் தந்திக்குச் செய்யாது. நைலான்காரர்களுக்குக் கனடாவின் காடின் செய்யும் மல்டியாக் மாதிரி, பிரிட்ஜிலேயே தந்திக்கு ஒரு உணரி வைத்த கிட்டார்கள் இருக்கின்றன. பழைய 13 முனைக் கருவிகளும் 2023-இல் ரோலண்ட் கொண்டுவந்த ஜிகே-5 வரிசையும் ஒரே செருகியில் போகாது. நடுவில் மாற்றி ஒன்று வேண்டும். பழைய பிக்கப்பைக் குறைந்த விலைக்கு ஒருவரிடமும், புதிய பெட்டியை இன்னொருவரிடமும் வாங்கிவிட்டு, இரண்டும் சேராமல் நிற்காதீர்கள். ஜிஐ-20 போன்ற பழைய பெட்டி கிடைத்தால், உங்கள் கணினிக்கு அதன் டிரைவர் இன்னும் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டாலும் அதன் பின்பக்கத்து ஐந்து முனை மிடி துளை எந்த மிடி இன்டர்ஃபேஸோடும் பேசும், கவலையில்லை. வீட்டுப் பதிவு மட்டும்தான், தனியாகச் சிந்தசைசர் பெட்டி வேண்டாம் என்கிறவருக்கு நேராகக் கணினிக்குப் போகும் டிரிப்பிள்பிளே வகையே சுருக்கமான வழி என்பது என் எண்ணம்.

மாட்டும்போது பொறுமை வேண்டும். பிக்கப் பிரிட்ஜுக்கு ஒட்டி இருக்க வேண்டும். கடைசிப் பிரெட்டை அழுத்திப் பிடித்தால் தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தந்தியையும் நீங்கள் வாசிக்கிற மிகப் பலமான மீட்டால் மீட்டி, அதன் உணர்திறனைத் தனித்தனியாக அமைக்க வேண்டும். இதைச் செய்யாமல் அமைப்பைக் குறை சொல்லக் கூடாது.

காசைப் பற்றிப் பெற்றோர்கள் கேட்பார்கள். என் வரிசை இதுதான். முதல் செலவு, கையில் இருக்கும் கிட்டாரைச் சரிசெய்து புதுத் தந்தி போடுவது. அடுத்தது, நல்ல டிரைவர் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ். விண்டோஸ் கணினி என்றால் இன்டர்ஃபேஸைச் செய்த நிறுவனமே எழுதிய ஏசியோ டிரைவர் கட்டாயம் இருக்க வேண்டும். பதிவு மென்பொருளுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ரீப்பர் தனிநபர் உரிமம் 60 டாலர். ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் கூடவே வருகிறது. அதன்பின் எக்ஸ்பிரஷன் பெடல், நல்ல குழல் ஒன்று, நல்ல வயலின் ஒன்று. மிடியாக மாற்றும் மென்பொருளைச் சோதனைப் பதிப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம். இந்த ஏற்பாட்டில் சில பாட்டுகள் முழுசாகப் பதிவு செய்த பிறகு, இன்ன இடத்தில் இது எனக்குப் போதவில்லை என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தால், அன்றைக்கு ஆறு தந்திப் பிக்கப் வாங்குங்கள். அன்றைக்கு எதை வாங்குவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

சொன்னதையெல்லாம் காதால் கேட்டால்தான் நம்பிக்கை வரும். மேசைமேல் இன்டர்ஃபேஸும் கணினியும் தயாராக இருக்கின்றன. குழல் வாத்தியத்தில் வளைவின் எல்லையை வேண்டுமென்றே 2 என்று விட்டு வைத்திருக்கிறேன். பின்வரிசையில் கிட்டாரோடு நிற்கும் தம்பி ஒருவர் மேலே வாருங்கள். உங்கள் கிட்டாரையே செருகுவோம். முதலில் இப்படியே தோடியின் காந்தாரத்தை ஒருமுறை பிடியுங்கள். பிறகு அந்த எண்ணை மாற்றிவிட்டு இன்னொரு முறை பிடியுங்கள். இரண்டையும் அவையோர் கேட்கட்டும்.